வேலை தெரியும், சான்றிதழ் இல்லை: கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளும் பாடசாலைத் தொழிற்கல்வியும்

பஞ்சிகாவத்தையில் ஒரு கராஜில் வேலை செய்யும் தம்பி ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியது. இரண்டாம் தடவை எழுத மனம் வரவில்லை. வீட்டில் சும்மா இருக்கவேண்டாமே என்று மாமா ஒருவர் கராஜில் கோலயாவாகச் சேர்த்துவிட்டார். கோலயா என்றால் சிங்களத்தில் சீடன். கொழும்பில் கராஜோ மரவேலைப் பட்டறையோ எதுவானாலும் பாஸிடம் வேலை பழகும் பையனுக்கு அதுதான் பெயர், நாங்களும் அப்படியே சொல்வோம். மூன்று வருடத்தில் என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லும் அளவுக்கு அவன் தேறிவிட்டான். வெளிநாட்டு வேலைக்கு ஒரு முகவரிடம் போனபோது கேட்ட முதல் கேள்வி, "என்விகியூ இருக்கா?" என்பது. அப்படி ஒரு சான்றிதழ் இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

"டீச்சர், எனக்கு வேலை நல்லாத் தெரியும். இந்தப் பேப்பர் எதுக்கு?" என்று கேட்டான்.

இந்தக் கட்டுரை அவனுடைய கேள்விக்கான நீண்ட பதில். கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகள் கைவேலை பழகாமல் இருந்ததே இல்லை. செட்டியார் தெருவில் நகைவேலை, பஞ்சிகாவத்தையில் வாகன வேலை, புறக்கோட்டைப் பக்கம் தையல், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சலூன், நகரம் முழுக்க வயரிங், ஏசி திருத்தும் வேலை என்று தலைமுறைகளாகப் பழகிவருகிறார்கள். பழகிய வேலையை நாடு ஏற்றுக்கொள்ளும் ஒரு முறை இருக்கிறது. அதற்குள் பாடசாலையிலிருந்தே நுழைய ஒரு வழியும் இருக்கிறது. அந்த வழி எங்கள் வீடுகளுக்குத் தெரியாமலே கிடக்கிறது என்பதுதான் என் கவலை.

முதலில் அந்தச் சான்றிதழைப் பார்ப்போம். என்விகியூ என்பது தேசிய தொழிற் தகைமை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற் கல்வி ஆணைக்குழு இதைப் பொறுப்பேற்று நடத்துகிறது. மொத்தம் ஏழு மட்டங்கள். முதலாம் மட்டம் ஆரம்ப அறிமுகம். இரண்டு, மூன்று, நான்கு ஆகியவை தொழில் தெரிந்தவருக்கான சான்றிதழ்கள். மூன்றில் இருப்பவர் யாராவது மேற்பார்வை செய்ய வேலை செய்வார், நான்கில் இருப்பவர் தனியாக நின்று செய்து முடிப்பார். ஐந்து டிப்ளோமா, ஆறு உயர் டிப்ளோமா, ஏழு பட்டம். ஆம், பட்டம்தான். இரத்மலானையில் இருக்கும் தொழில்சார் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதற்காகவே நிறுவப்பட்டது. வெல்டிங்கில் நான்காம் மட்டம் எடுத்த ஒரு பிள்ளை விரும்பினால் படிப்படியாக ஏறிப் பட்டதாரி ஆகலாம். "கராஜுக்குப் போனால் வாழ்க்கை அங்கேயே நின்றுவிடும்" என்று பயப்படும் அம்மாமாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்தத் தகைமைக்கு மதிப்பிடும் முறையும் எங்கள் பரீட்சைகளைப் போன்றதில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தேசியத் தேர்ச்சித் தரம் எழுதி வைத்திருக்கிறார்கள். மின்னிணைப்பாளர் என்றால் என்னென்ன செய்யத் தெரிந்திருக்கவேண்டும், எந்த அளவு சரியாக, எந்தப் பாதுகாப்போடு என்றெல்லாம் அதில் இருக்கும். மதிப்பீட்டாளர் முன்னால் அவற்றைச் செய்து காட்டவேண்டும். புள்ளி கிடையாது, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதும் கிடையாது. தேர்ச்சி உண்டு, அல்லது "இன்னும் தேர்ச்சி பெறவில்லை." அந்த "இன்னும்" என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். கணிதத்தில் பெயிலான பிள்ளையிடம் அப்படி ஒரு சொல்லை நாங்கள் யாரும் சொன்னதில்லை.

சரி, பாடசாலைக்கு வருவோம்.

2016இல் கட்டாயக் கல்வி வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தினார்கள். பதினாறில் சாதாரண தரம் முடிகிறது. ஆண்டுதோறும் மூன்று இலட்சம் அளவிலான பிள்ளைகள் அந்தப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். தவறும் பிள்ளைக்கு முன்பெல்லாம் பாடசாலைக் கதவு அன்றோடு மூடிவிடும். உயர்தரம் போகிறவர்களுக்கும் பாதை அகலமில்லை. அரச பல்கலைக்கழகங்களுக்குள் ஆண்டுக்குச் சுமார் நாற்பதாயிரம் பேர் அளவில்தான் போக முடிகிறது. மீதிப் பிள்ளைகள் எல்லோரும் எங்கேயோ போகத்தான் வேண்டும். கொழும்பில் வசதியுள்ள குடும்பங்கள் தனியார் நிறுவனங்களில் காசு கட்டிப் படிப்பிக்கின்றன. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை கடைக்கோ கராஜுக்கோ போகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப 2017இல் வந்ததுதான் 13 வருட உத்தரவாதக் கல்வி. முதலில் 42 பாடசாலைகளில் தொடங்கினார்கள். சாதாரண தரத்தில் என்ன பெறுபேறு வந்தாலும் பிள்ளை 12ஆம் தரத்துக்குப் போகலாம், தொழிற்பிரிவில் சேரலாம். கணிதம் தவறினால் பரவாயில்லை, வாசல் திறந்தே இருக்கும். தாய்மொழி, ஆங்கிலம், தகவல் தொழினுட்பம், தொழில் வழிகாட்டல் போன்ற பொதுப் பாடங்களைப் பாடசாலையிலேயே படிக்கவேண்டும். அவற்றோடு பிரயோகப் பாடங்கள் 26 இருக்கின்றன. வாகனத் தொழினுட்பம், கட்டட நிர்மாணம், மின்னியல், உலோக வேலை, அலுமினிய வேலை எல்லாம் அதில் உண்டு. உணவு பதனிடல், ஆடை வடிவமைப்பு, கிராபிக் டிசைன், மென்பொருள், சுற்றுலாவும் விருந்தோம்பலும், சிறுவர் உளவியலும் பராமரிப்பும், நிகழ்ச்சி முகாமைத்துவம், நிகழ்த்து கலைகள் எல்லாமும் உண்டு. இவற்றில் பிள்ளை தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, அடுத்த கட்டமாகத் தொழிற்பயிற்சி நிறுவனத்திலும் வேலைத்தலத்திலும் பழகவேண்டும். முடிவில் நான்காம் மட்ட என்விகியூ என்பதுதான் இலக்கு.

அந்தத் தம்பி கணிதம் தவறிய வருடத்திலும் இந்தப் பிரிவு இருந்தது. யாரும் அவனிடம் சொல்லவில்லை. மூன்று வருடம் கராஜில் நின்ற நேரத்தில் சீருடையோடேயே அந்த வேலையைக் கற்று, சான்றிதழையும் எடுத்து, ஆங்கிலமும் கொஞ்சம் படித்திருக்கலாம். நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

இந்த இடத்தில் பெற்றோர் எப்போதும் குழம்பும் ஒரு விசயத்தைப் பிரித்துச் சொல்லவேண்டும். "தொழினுட்பப் பிரிவு" வேறு, "தொழிற்பிரிவு" வேறு. தொழினுட்பப் பிரிவு 2013இல் உயர்தரத்துக்குள் வந்தது, 2015இல் முதல் தடவையாகப் பரீட்சை நடந்தது. பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், இன்னொரு பாடம் என்று அதுவும் மூன்று பாட உயர்தரம்தான். அதற்கும் சாதாரண தரச் சித்தி வேண்டும், பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கெடுக்கும் இசட் புள்ளி வேண்டும். நல்லபடி செய்தால் பல்கலைக்கழகத் தொழினுட்பவியல் பீடம் போகலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பீடம் ஹோமாகமப் பக்கம் பிட்டிபனையில் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. தொழிற்பிரிவில் உயர்தரப் பரீட்சையே கிடையாது. ஒன்றை எண்ணிக்கொண்டு இன்னொன்றில் சேர்ந்துவிட்டு, ஒரு வருடம் போனபின் தலையில் கைவைத்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை 11ஆம் தரத்தில் இருக்கும்போதே இரண்டையும் பிரித்து விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாடசாலைக்குள் தொழில் கற்பிக்கும் யோசனை இந்த நாட்டுக்குப் புதிதில்லை. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையிலேயே செயன்முறைப் பாடசாலை என்று ஒரு வகை தனியாக இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. மத்திய மகா வித்தியாலயங்கள் வந்தன, அவை பேர் வாங்கின. செயன்முறைப் பாடசாலை காகிதத்தோடு நின்றது. பிறகு 1972 சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். அந்தந்தப் பிரதேசத்தில் நடக்கும் தொழிலைப் பாடமாக்குவது நோக்கம். கடற்கரையில் மீன்பிடி, வேறோர் இடத்தில் மட்பாண்டம் என்று இருந்தது. கற்பிக்கத் தகுந்த ஆசிரியர்களும் போதவில்லை, கருவிகளும் போதவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அதுவும் போய்விட்டது.

அதே காலத்தில் எங்களுக்கு நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1971இலிருந்து, பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்மொழிமூலப் பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்தது. பல்கலைக்கழக இடம் தமிழ் வீடுகளில் ஒரு படிப்பு மட்டுமாக இருந்தது போய், பறிக்கப்பட்ட உரிமையாகவும் மானப் பிரச்சினையாகவும் ஆனது. அந்த நேரத்தில் "பிள்ளைக்குத் தொழில் பழக்குங்கள்" என்று அரசாங்கம் சொன்னால் தமிழ் அப்பாவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? "உன் பிள்ளை மேலே வரவேண்டாம்" என்றுதான் கேட்டிருக்கும். அந்தக் காயம் இன்னும் முழுசாக ஆறவில்லை என்று நினைக்கிறேன். டொக்டர், என்ஜினியர், எக்கவுண்டன் தவிர வேறெதுவும் கல்வியாகத் தெரியாமல் போனதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. பெற்றோரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது.

மருதானையில் பஸ் கொண்டக்டர்மார் "டெக்னிக்கல்" என்று கூவும் சந்தியில் அந்தப் பழைய கட்டடம் நிற்கிறதே, அதன் கதையை வகுப்பில் அடிக்கடி சொல்வேன். 1893இல் அரச தொழினுட்பப் பாடசாலையாகத் தொடங்கியது. பிறகு இலங்கை தொழினுட்பக் கல்லூரி ஆனது. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் வந்தபோது அது இந்தக் கல்லூரியின் பொறியியல் வகுப்புகளிலிருந்துதான் பிறந்தது. கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக இன்று பிள்ளைகள் கனவு காணும் இடத்தின் வேரும் அங்கே போய்ச் சேரும். அதாவது இந்த நாட்டு என்ஜினியர்மாரின் முன்னோர் சுத்தியலும் அரமும் பிடித்துத்தான் தொடங்கினார்கள். "டெக்னிக்கலுக்குப் போனான்" என்று இன்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது. அங்கே இப்போதும் சான்றிதழ் மட்டத்திலிருந்து உயர் டிப்ளோமா வரை கற்கைநெறிகள் நடக்கின்றன.

சரி, கராஜிலேயே எல்லாம் பழகிவிடலாமே, எதற்குப் பாடசாலை என்று கேட்பவர்கள் உண்டு. பாஸிடம் பழகும் வேலையின் அருமையை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கொழும்புத் தெருக்களில் ஓடும் வாகனங்களைப் பாருங்கள். பிரியஸ், அக்குவா, ஹைபிரிட் வேகன் ஆர் என்று எங்கே பார்த்தாலும் ஹைபிரிட். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் மறுபடி திறந்தபின் முழு மின்சாரக் கார்களும் வந்து சேர்கின்றன. ஒரு பிரியஸின் பெரிய பற்றரியில் சுமார் 200 வோல்ற் இருக்கும். அதன் செம்மஞ்சள் நிறக் கேபிளைத் தொடுமுன் என்ன செய்யவேண்டும், எந்தக் கையுறை போடவேண்டும், எதைக் கழற்றிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் பழக முடியாது. பிழை விட்டால் இரண்டாம் தடவை பழக ஆள் இருக்காது. பாஸுக்கே அது புதிது. வோல்ற்றளவு, மின்னோட்டம், தடை என்று எட்டாம் ஒன்பதாம் தரத்தில் சொல்லிக்கொடுத்த விஞ்ஞானம் அங்கேதான் உயிரோடு தேவைப்படுகிறது. வகுப்பறைப் பாடமும் கைவேலையும் ஒரே பிள்ளையிடம் சேரவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி மொழி. கொழும்பில் தமிழ்ப் பிள்ளைக்கு இருக்கும் பெரிய தடை இதுதான், இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

தொழிற் தகைமையை மூன்று மொழியிலும் பெற முடியும், தமிழிலும் மதிப்பிடலாம். கொழும்புப் பயிற்சி நிலையங்களில் படிப்பிப்பவர்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் படிப்பிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் தெருவில் நல்லாச் சிங்களம் பேசுவார்கள். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, மட்டக்குளிப் பிள்ளைகள் சிலர் சிங்களப் பிள்ளைகளை விடச் சரளமாகவே பேசுவார்கள். எழுத வராது, குறிப்பு எடுக்க வராது. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு ஆறு வாரத்தில் நின்றுவிடுவார்கள். "பிள்ளைக்கு ஆர்வம் இல்லை" என்று பதிவாகும். எனக்குத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் அப்படித்தான் ஒரு மின்னியல் வகுப்பிலிருந்து வெளியே வந்தார்கள். அவர்களுக்கு ஆர்வம் நிறையவே இருந்தது.

தீர்வு இரண்டு பக்கமும் இருக்கிறது. தமிழில் படிப்பிக்கக்கூடிய போதனாசிரியர்களைக் கொழும்பிலும் நியமிக்கவேண்டும், அது அரசின் கடமை. தமிழ்மொழிப் பயிற்சியை வடக்கு கிழக்குக்கும் மலையகத்துக்கும் உரியதாக மட்டும் எண்ணிவிடுகிறார்கள், தலைநகரில் எத்தனை தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். மறுபக்கம், ஆறாம் தரத்திலிருந்து இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கிற சிங்களத்தை எழுத்தோடு ஒழுங்காகப் படிப்பிக்கவேண்டியது எங்கள் பாடசாலைகளின் கடமை. அந்தப் பாட நேரத்தைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்தினாலே பாதிப் பிள்ளைகள் தப்பிவிடுவார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. தொழிற்கல்வி என்றவுடனே தையல், அழகுக்கலை, முன்பள்ளி ஆசிரியை என்று மூன்றோடு வீடு நின்றுவிடுகிறது. அவை நல்ல தொழில்கள், குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் கைத்தொலைபேசியைத் தானே கழற்றித் திருத்தும் ஒரு மாணவி எங்கள் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். அவளை இலத்திரனியலுக்கு விடுவதா என்று வீட்டில் யோசிக்கிறார்கள். பட்டறைக்குள் ஆண்களோடு நிற்கவேண்டுமே என்ற தாயின் பயம் எனக்குப் புரிகிறது. பாடசாலைக்குள்ளேயே முதல் வருடம் நடக்கிற இந்தப் பிரிவு அந்தப் பயத்துக்கு ஓரளவு மருந்து. முதலில் தெரிந்த ஆசிரியர்கள், தெரிந்த வளவு, அப்புறம்தான் வெளியே.

பிள்ளை எந்தத் தரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து வழியும் மாறும். ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை செயன்முறையும் தொழினுட்பத் திறன்களும் என்ற பாடம் இருக்கிறது. அதில் பிள்ளை எதை விரும்பிச் செய்கிறது என்று பாருங்கள். பிள்ளை செய்யவேண்டிய வேலையை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். பத்தாம் தரத்தில் தொகுதிப் பாடம் (விருப்பப் பாடம்) தெரிவுசெய்யும்போது வடிவமைப்பும் மின்னியல், இலத்திரனியல் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் போன்றவை உங்கள் பாடசாலையில் உண்டா என்று கேளுங்கள். "ஏ எடுக்க இலேசான பாடம்" என்பதை மட்டும் வைத்துத் தெரிவுசெய்யாதீர்கள். தொழிற்பிரிவு எல்லாப் பாடசாலையிலும் கிடையாது. தமிழ்மொழிமூலத்தில் எங்கே இருக்கிறது, எந்தப் பாடங்கள் நடக்கின்றன என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் பெறுபேறு வருமுன்னரே விசாரிக்கவேண்டும். பெறுபேறு வந்த வாரத்தில் வீடே இழவு வீடு மாதிரி இருக்கும், அப்போது யாருக்கும் ஒன்றும் ஓடாது.

பாடசாலையை விட்டுவிட்ட பிள்ளைக்கும் வழி உண்டு. தொழிற் பயிற்சி அதிகார சபை 1995இலிருந்து நாடெங்கும் பயிற்சி நிலையங்கள் நடத்துகிறது. தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டி நிபுணதா பியசவில் இருக்கிறது. ராஜகிரியவில் இருக்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை பிள்ளையை வேலைத்தலத்திலேயே பயிலுனராகச் சேர்த்துவிடும். 1971ஆம் ஆண்டுப் பயிலுனர் சட்டத்திலிருந்து வந்த வழி அது. வாகனத் துறையில் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு, 1959இல் மேற்கு ஜேர்மனியின் உதவியோடு தொடங்கி இப்போது மொறட்டுவையில் இருக்கும் இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அங்கே இடம் கிடைப்பது இலேசில்லை, அதற்குச் சாதாரண தரப் பெறுபேறும் நல்லபடி வேண்டும்.

வேலை ஏற்கெனவே தெரிந்தவருக்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்றொரு முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகத் தேவையில்லை. எத்தனை வருடம் எங்கே வேலை செய்தார் என்பதற்கு முதலாளியின் கடிதம், செய்த வேலைகளின் படங்கள் என்று சான்றுகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். மதிப்பீட்டாளர் பார்ப்பார், குறை இருந்தால் எது என்று சொல்வார், பிறகு செய்து காட்டவேண்டும். இருபது வருடம் மேசன் வேலை செய்த அப்பாவும் இதை எடுக்கலாம். 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது ஒரே வருடத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அவர்களில் வேலை நன்றாகத் தெரிந்திருந்தும் கையில் சான்று இல்லாததால் கையாள் சம்பளத்துக்கு இறங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அந்தத் தம்பியும் இந்த வழியால்தான் போனான். கடிதம் எழுதித் தரப் பாஸ் முதலில் தயங்கினார், பையன் போய்விடுவானே என்று. பிறகு எழுதிக் கொடுத்தார். முதல் தடவை இரண்டு அலகுகளில் "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்று வந்தது. வயரிங் வரைபடம் வாசிக்க வரவில்லை. பாடசாலையில் விட்டுப்போனது அதுதான். மாலை வேளைகளில் என் மேசையில் உட்கார்ந்து ஒன்பதாம் தர விஞ்ஞானப் புத்தகத்தைத் திரும்பப் படித்தான். இரண்டாம் தடவை தேறினான்.

அவனுடைய தங்கச்சி இப்போது பதினோராம் தரம். போன கிழமை அவர்களுடைய அம்மா வந்து, தொழிற்பிரிவு தமிழில் எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று கேட்டார். மகள் பெயிலாகிவிடுவாள் என்ற பயமா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், அவ கெட்டிக்காரி. அவளுக்கு அதுதான் புடிச்சிருக்கு" என்றார்.